சின்த் அகலம்: நகலா, இரண்டாவது ஒலியா?

சின்த் (சிந்தசைசர்) ஒலியை அகலமாக்க, அதாவது இடமும் வலமும் பரந்து கேட்கச் செய்ய, இரண்டு வழிகள் பெரிதும் கையாளப்படுகின்றன. ஒன்று, ஒரே தடத்தை நகலெடுத்து இடமும் வலமுமாகப் பிரித்து, ஒரு பக்கத்தைச் சில மில்லி விநாடிகள் தாமதப்படுத்துவது. மற்றது, அதே மெட்டை வேறொரு சின்த் ஒலியில் வாசித்து எதிர்ப்பக்கம் வைப்பது. தாமதமே இல்லாத வெறும் நகல் எதற்கும் உதவாது. ஒலி நடுவிலேயே நிற்கும், சத்தம் மட்டும் கூடும்.

தாமத வழி நொடியில் முடிந்துவிடும். ஹெட்போனில் பிரமாதமாகவும் இருக்கும். சிக்கல் மோனோவில்தான், அதாவது இடமும் வலமும் ஒரே ஒலியாகச் சேரும்போது. 10 மில்லி விநாடி இடைவெளியுள்ள இரு நகல்கள் ஒன்றுசேரும்போது 50, 150, 250 ஹெர்ட்ஸ் என வரிசையாக அதிர்வெண்கள் ரத்தாகி, ஒலி குழாய்க்குள்ளிருந்து வருவதுபோல் மெலிந்துவிடும். ஸ்டீரியோவிலும் முந்தி வரும் பக்கத்துக்கே காது சாயும்.

இரண்டாவது வழிக்கு உழைப்பு அதிகம். ஒருபுறம் சாடூத் (ரம்பப்பல் வடிவ) அலை, மறுபுறம் பல்ஸ் (செவ்வக வடிவ) அலை. ஃபில்டர் (அதிர்வெண் வடிகட்டி) திறப்பும் அட்டாக்கும் (ஒலி எழும் வேகம்) சற்று மாறட்டும், சுருதி சில சென்ட் (அரைச்சுரத்தின் நூறில் ஒரு பங்கு) விலகட்டும். அலைகள் ஒத்திராததால் மோனோவில் இப்படிச் சீப்புப் பல் போல வெட்டுகள் விழுவதில்லை. என் ஓட்டு இதற்கே. பின்னணியில் மங்கலாக நீண்டு ஒலிக்கும் சின்த் ஒலியான பேடுக்கு மட்டும் தாமதமே போதும்.

எந்த வழியானாலும், சுமார் 120 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருபக்க ஒலிகளையும் வெட்டிவிட்டு, அந்த இடத்தை நடுவில் நிற்கும் பேஸுக்கு விடுங்கள்.