சிறுகுறிஞ்சான் இலை: தைரியமாக வாங்கலாம், மாத்திரையை மட்டும் நிறுத்தாதீர்கள்

மதுரை கீழமாசி வீதிப் பக்கம் உள்ள ஒரு நாட்டு மருந்துக் கடையில்தான் எங்கள் கல்லூரி உயிர்வேதியியல் மாணவர்களின் புராஜெக்ட்டுக்குச் சிறுகுறிஞ்சான் வாங்குகிறேன். சர்க்கரை நோய்க்கு நாட்டு மருந்தாகப் பயன்படுத்தும் கொடியின் இலை இது. 100 கிராம் 60 ரூபாய். பொடியும் கிடைக்கும். ஆனால் நான் முழு இலையாகத்தான் கேட்பேன். அரைத்துவிட்டால் அது எந்த இலை என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது.

நிழலில் காய்ந்த இலை. பச்சை நிறம் போகவில்லை, பூஞ்சை வாடை இல்லை. அசல்தானா என்பதை வீட்டிலேயே பார்க்கலாம். ஓர் இலையை மென்று, சாறு நாக்கு முழுக்கப் பட்டதும் துப்பிவிட்டு, சர்க்கரையை வாயில் போடுங்கள். மணல் மாதிரி நெருடும், இனிக்காது. இலையில் உள்ள ஜிம்னமிக் அமிலங்கள் நாக்கின் இனிப்பு உணர்விகளைக் கொஞ்ச நேரம் மறித்துவிடுகின்றன. இந்தக் கடை இலை ஒரு தடவைகூட ஏமாற்றியதில்லை. ஆன்லைனில் வாங்கிய ஒரு பொடியைப் போட்டுப் பார்த்தபோது சர்க்கரை நன்றாகவே இனித்தது.

அப்புறம் ஆய்வகம். மெத்தனாலில் சாறு இறக்கி, ஆன்டிஆக்ஸிடன்ட் திறனைப் பார்க்கும் டிபிபிஎச் சோதனை செய்தோம். அதன் ஊதாக் கரைசல் மஞ்சளாக வெளுத்தது. வெளுத்த அளவை 517 நானோமீட்டர் ஒளியில் அளந்தபோது வைட்டமின் சி அளவுக்கு வீரியம் இல்லை. டீத்தூள் சாறுகூட இந்த ஊதாவை வெளுக்க வைக்கும். இதை மட்டும் வைத்துக்கொண்டு பாக்கெட்டில் பெரிதாக ‘ஆன்டிஆக்ஸிடன்ட்’ என்று அச்சடிப்பது எனக்கு உடன்பாடில்லை. மாவுச்சத்தின் செரிமானத்தில் கடைசியாகக் குளுக்கோஸைப் பிரித்துவிடும் ஆல்ஃபா குளுக்கோசிடேஸ் நொதியை வைத்தும் பார்த்தோம். சாற்றைக் கூட்டக் கூட்ட நொதியின் வேகம் இறங்கியது, அதாவது குளுக்கோஸ் மெதுவாகப் பிரிந்தது. மாணவர்களுக்கு ஒரே சந்தோஷம். எனக்கும்தான்.

ஆனால் அது சோதனைக் குழாய். இலைக்குள் இருப்பதில் எவ்வளவு குடலைத் தாண்டி ரத்தத்துக்குப் போகும் என்பதை அந்தக் குழாய் சொல்லாது. 1990இல் வெளியான சென்னை ஆய்வில், இரண்டாம் வகை நீரிழிவுள்ள 22 பேர் தங்கள் மாத்திரையோடு சேர்த்து தினம் 400 மில்லிகிராம் இலைச்சாறு 18 முதல் 20 மாதம் எடுத்துக்கொண்டார்கள். ரத்தச் சர்க்கரை குறைந்தது, சிலரால் மாத்திரையையே விட முடிந்தது. நல்ல தொடக்கம்தான். ஆனாலும் சிறிய ஆய்வு, அவர்கள் எடுத்ததும் பக்குவப்படுத்திய சாறு, நாம் ஸ்பூனில் அள்ளும் பொடி அல்ல. ஏற்கெனவே மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் இதையும் சேர்த்தால் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கிவிடலாம். டாக்டரிடம் சொல்லாமல் தொடங்காதீர்கள். கடைக்காரரும் வாங்க வருகிறவர்களிடம் இதைச் சொல்லியே கொடுக்கிறார். அதற்காகவே அவரை எனக்குப் பிடிக்கும்.

ஒரே ஒரு குறை. எந்த ஊரில், எந்த மாதம் பறித்தது என்று பாக்கெட்டில் இல்லை. இடமும் பருவமும் மாறினால் இலையின் வீரியமும் மாறும். செடியை உறுதிப்படுத்த கோயம்புத்தூர் தாவரவியல் மதிப்பாய்வு நிறுவனத்துக்கு அனுப்பவும் பூவோடு கூடிய கொடி வேண்டும். அடுத்த தடவை இலை பறிப்பவரிடம் சொல்லி அதைக் கடைக்காரர் வாங்கித் தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்.