சேதுக் காசு நந்தியா, இலட்சுமித் தகடா? பச்சை குத்தினா எது நிண்டு பிடிக்கும்

3 வருஷத்துக்கு முதல், அறுவடை முடிஞ்ச கையோட நானும் மச்சானும் கிளிநொச்சியில இருந்து பைக்கில வவுனியாவுக்குப் போய் ஒரே நாளில பச்சை குத்தினனாங்கள். ரெண்டு பேருக்கும் ஒரே ஆள்தான் குத்தினவர் (ஊசி வேற வேற, பயப்பிடாதேங்கோ). எனக்கு முன்னங்கையில சேதுக் காசு நந்தி (யாழ்ப்பாண ராசாக்களின்ர காசில இருக்கிற காளை), அவனுக்குத் தோளில இலட்சுமித் தகடு (அதைவிடப் பழசான, இலட்சுமி உருவம் போட்ட தகடு). இப்ப ஊர்ப் பெடியள் ஆரும் பழைய காசு டிசைன் குத்தப்போறம் எண்டு வந்தா எங்கள் ரெண்டு பேரையும் சேட்டைக் கழட்டி நிக்கவச்சுப் பாக்கிறாங்கள், அதால ஒருக்கா எழுதியே விடுவம் எண்டு இருந்திட்டன். நான் நந்திப் பக்கம். என்ர கையில இருக்கிறது அதுதானே, வேற என்னத்தைச் சொல்லுறது.

சோழற்ற காசில வாற புலியும் மீனும் வில்லும் ஒருத்தன் கேட்டவன். வடிவுதான், ஆனா வன்னியில கையில புலியோட திரியிறதைப் பற்றி நான் ஒண்டும் சொல்லத் தேவையில்ல. ரோம ராசாக்களின்ர தலை போட்ட காசுகளும் இலங்கையில கனக்க எடுத்திருக்கு, ஆனா முகம் குத்திறதில மூக்கு ஒரு நூல் பிசகினாலும் சீசர் பக்கத்து வீட்டு மாமா ஆயிடுவார்.

பழமை எண்டு பாத்தா தகடுதான் முன்னுக்கு. யாழ்ப்பாணத்துக் கந்தரோடையிலயும் வேற இடங்களிலயும் எடுத்த நீட்டுச் சதுரத் தகடு அது, தாமரைக்கு மேல இலட்சுமி நிப்பா, ரெண்டு பக்கமும் தாமரைத் தண்டில ஏறி நிண்டு ரெண்டு யானை தண்ணி ஊத்தும், பின்பக்கம் வேலி போட்ட சுவஸ்திகம். அது உண்மையில காசுதானா இல்லாட்டிப் பூசைக்குரிய தகடா எண்டு ஆய்வாளருக்குள்ளயே இன்னும் இழுபறி, அதாலதான் காசு எண்டாம தகடு எண்டுறது. சேதுக் காசு அதுக்குப் பல நூறு வருஷம் பிந்தினது, யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்திகள் அடிச்ச செப்புக்காசு. ஒரு பக்கம் நிக்கிற மனிச உருவம், மற்றப் பக்கம் படுத்திருக்கிற காளை, மேல பிறை, கீழ சேது எண்டு எழுத்து. கேகாலைப் பக்கம் கொட்டகமவில எடுத்த அவையின்ர தமிழ்க் கல்வெட்டும் சேது எண்டுதான் தொடங்குது, அந்தச் சொல்லு அவைக்கு ஒரு முத்திரை மாதிரி.

ஆனா இந்த வரலாறெல்லாம் கடைசியில பெரிசாக் கணக்கில வராது. வாற ஒரே விஷயம், கோடு எவ்வளவு காலம் கோடாவே இருக்கும் எண்டதுதான். குத்தின மை தோலின்ர மேல்படையில நிக்கிறேல்ல, அதுக்குக் கீழ ரெண்டாம் படையிலதான் நிக்கும், அங்கயும் அது அசையாமக் கிடக்காது, வருஷம் போகப் போக ஒவ்வொரு கோடும் கொஞ்சம் கொஞ்சமாப் பருத்து மங்கும், ரெண்டு கோட்டுக்கு நடுவில நெருக்கமா இடம் விட்டிருந்தா அந்த இடைவெளி மூடிப்போகும், வெயில் பட்டா இன்னும் கெதியா நிறம் போகும். எங்கட வெயிலைப் பற்றிச் சொல்லவோ வேணும், பங்குனியில வயல் வரம்பில நிண்டு பாத்தாத் தெரியும்.

இப்ப தகட்டைப் பாருங்கோ. அசல் தகட்டிலயே யானை சின்னஞ்சிறிசுதான், அதைத் தோளில 7 சென்ரிமீற்றருக்குப் பெருப்பிச்சுக் குத்தினாலும் தும்பிக்கை, குடம், தண்ணி எல்லாம் மெல்லிய கோடுதான் வரும். மச்சானுக்கு அண்டைக்குப் பாக்க நல்ல வடிவு, பொய் சொல்லக்கூடாது, என்ரையைவிட வடிவு. இப்ப வலப்பக்க யானை யானையா, கத்தரிக்காயா எண்டு கேக்கிற நிலை. அதோட செப்பு நிறம் வரோணும் எண்டு மஞ்சளும் மண்ணிறமும் போட்டு நிழல் அடிச்சவர், எங்கட மாநிறத் தோலில அது ஆறினவுடனயே காணாமப்போட்டுது. கறுப்புக் கோட்டை மட்டும் நம்புங்கோ.

நந்தி அப்பிடியில்ல. அந்தக் காசின்ர டிசைனே நாலைஞ்சு தடிச்ச கோடு, முதுகு ஒரு வளைவு, திமில் ஒரு குமிழ், கால் மடக்கினது ரெண்டு கோடு, பிறை ஒண்டு. கோடு பருத்தாலும் மாடு மாடாத்தான் இருக்கும், கொஞ்சம் கொழுத்த மாடு எண்டு நினைக்க வேண்டியதுதான். அப்பம்மா கண்டிட்டு எங்கட வளவில நிண்ட நாம்பனை ஏன்டா கையில கீறினனி எண்டவா, அந்தளவுக்கு விளங்குது.

நந்தியில சிக்கல் எழுத்துத்தான். பழைய காலத்தில எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் ஒரே ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு வீரமாமுனிவருக்குப் பிறகு வந்தது. அப்ப காசில இருக்கிறபடி குத்தினா இண்டைக்கு வாசிக்கிறவை 'செது' எண்டுதான் வாசிப்பினம். நான் காசில இருக்கிறபடியே குத்தினன், அதுக்குப் பிறகு காணுறவன் எல்லாம் செதுக்கிறதுக்குக் கை காட்டுறியோ எண்டு பகிடி. இந்தக் காலத்துச் 'சே' போட்டா ஆரும் கேள்வி கேக்க மாட்டினம், ஆனா அது காசில இல்லாத எழுத்து. எனக்குச் செதுவே சரி, உங்களுக்குப் பொறுமை இல்லாட்டி எழுத்தை விட்டிட்டு மாட்டையும் பிறையையும் மட்டும் குத்துங்கோ.

தகட்டின்ர பின்பக்கச் சுவஸ்திகத்தை மட்டும் தனியாக் குத்துவம் எண்டு மச்சான் முதல் நிண்டவன், கோடு தடிப்பா நிக்கும் எண்டு பாத்தா அது நல்ல யோசனைதான். ஆனா அவன்ர அண்ணை ஜேர்மனியில, நாளைக்கு அங்க போக வேண்டி வந்தா ஒவ்வொருத்தருக்கும் இது எங்கட சமயச் சின்னம் எண்டு விளக்கம் குடுத்துக்கொண்டு திரியோணும். விட்டது நல்லது.

மற்றது காலம். பொருக்கு விழ எனக்கு 2 கிழமைக்கு மேல போச்சு, அதுவரைக்கும் வாய்க்கால், குளம், சேறு ஒண்டும் படக்கூடாது. காலபோக விதைப்பு நேரத்தில போய்க் குத்திக்கொண்டு வந்து நிக்காதேங்கோ. அறுவடைக்குப் பிறகு போங்கோ, போட்டு முழுக்கைச் சேட்டுப் போடுங்கோ.

என்ர கணக்கு 3 வருஷக் கணக்குத்தான், 10 வருஷத்தில நந்தியும் என்ன ஆகுமோ. பிறையின்ர ஒரு நுனி இப்பவே கொஞ்சம் மழுங்கிட்டுது. மச்சான் யானைக்கு மேல திருப்பிக் கோடு போடுவிக்கப் போறானாம், நானும் கூடப் போய்ப் பிறையை ஒருக்காக் காட்டுவம் எண்டு இருக்கிறன்.