வழுக்கி இறங்கும் லூரும் ஒரு துளி பசையும்

டெக்சாஸ் கடற்கரையில் கால்வெஸ்டன் பக்கம் முதல்முறையாக ரெட்ஃபிஷ் பிடிக்கும் போட்டியில் இறங்கப்போகும் நண்பர் ஒருவர், எந்த லூர் (செயற்கை இரை) வாங்கலாம், அதை மாட்டும் ஜிக் ஹெட் (கொக்கியோடு சேர்த்து வார்த்த ஈயத் தலை) என்ன எடை என்று கேட்டிருந்தார். இரண்டு வரியில் பதில் போடலாம் என்றுதான் உட்கார்ந்தேன்.

எடை பெரிய விஷயமே இல்லை. அங்கே வெஸ்ட் பே விரிகுடா மாதிரி முழங்கால் தண்ணீரில், புல்லை ஒட்டி வீச 1/8 அவுன்ஸ். தென்கிழக்குக் காற்று ஏறிவிட்டாலோ, ஓதம் வேகமாக ஓடும் வாய்க்காலாக இருந்தாலோ 1/4. அதற்கு மேல் போனால் சிப்பித் திட்டில் ஈயத்தைக் காணிக்கை போட்டுவிட்டு வர வேண்டியதுதான். கொக்கி 3/0 அளவு, கம்பி தடிமனாக இருக்கட்டும். மெல்லிய கொக்கி சுலபமாகக் குத்தும், மறுக்கவில்லை. ஆனால் டெக்சாஸில் பிடித்த ரெட்ஃபிஷை வைத்துக்கொள்ள அனுமதி 20 முதல் 28 அங்குலம் வரை, எடை பார்க்கும் போட்டியில் எல்லோரும் தேடுவது அந்த 28-ஐத் தொட்டும் தொடாமலும் இருக்கிற மீனை. அது திட்டைப் பார்த்து ஓடும்போது ரீலின் ட்ராகை (நூல் ஓடாமல் தடுக்கும் பிடியை) இறுக்கினால் மெல்லிய கொக்கி நிமிர்ந்துவிடும்.

சரி, லூர். நான் வருஷக்கணக்கில் போட்டுக்கொண்டிருப்பது ரப்பர் மாதிரி இழுபடும் டிபிஇ (TPE) என்ற பொருளில் செய்த சாஃப்ட் பிளாஸ்டிக், அதாவது மெத்தென்ற லூர். சாதாரண பிளாஸ்டிக் லூரின் வாலை பின்ஃபிஷ் என்ற பொடிமீன் கூட்டம் ஒரே வீச்சில் கத்தரித்த மாதிரி கடித்துத் துப்பிவிடும். இதை எவ்வளவு கொத்தினாலும் வால் இருக்கும். ஒரே உருப்படியில் ட்ரௌட் மீன், ரெட்ஃபிஷ், நடுவே அழையா விருந்தாளியாகக் கடல் கெளுத்தி என்று காலை முழுவதும் ஓட்டலாம். அதைவிடப் பிடித்தது, இது மிதக்கும். ஈயம் தரையில் உட்கார்ந்ததும் வால் மேலே நிமிர்ந்து நின்று, தண்ணீர் ஓட்டத்திலேயே லேசாக ஆடும். நாம் ஒன்றும் செய்ய வேண்டாம். தரையில் மேய்கிற ரெட்டுக்கு (நம்மூர் கத்தாழை, கூறல் குடும்பம்தான், வாய் கீழ்ப்பக்கம் பார்த்திருக்கும்) அது தலைகுப்புற நிற்கும் இறாலாகத் தெரியுமோ என்னவோ, சும்மா கிடக்கும்போதே வந்து எடுக்கும். கலங்கல் தண்ணீரில் கருநீல உடம்பும் பச்சை வாலும், தெளிந்த தண்ணீரில் மடவைக் குஞ்சு நிறம். இதற்கு மேல் நிறத்துக்குப் பணம் செலவழிக்க வேண்டாம்.

இவ்வளவு புகழ்கிறவன் ஏன் எரிச்சலில் இருக்கிறேன் என்றால், இந்தச் சனியன் ஜிக் ஹெட்டில் நிற்காது! இழுபடும் என்பதால் ஈயத்தின் கழுத்தில் லூரைப் பிடித்து நிறுத்தும் முள்ளைத் தாண்டி ஏற்றவே பாடு. கொக்கியை எச்சில் தொட்டு ஈரமாக்கி, திருகித் திருகி ஏற்றி, மூக்கு ஈயத்தோடு ஒட்டியதும் அப்பாடா என்று வீசினால், நான்காவது வீச்சில் அரை அங்குலம் கீழே இறங்கி, கொக்கி வளைவில் சுருண்டு கிடக்கும். சுருண்ட லூர் நேராக நீந்தாது, பம்பரமாகச் சுற்றும். இதற்கு எல்லோரும் சொல்லும் வைத்தியம், கழுத்தில் ஒரு துளி சூப்பர் க்ளூ. வீட்டு மேஜையில் அருமையாக ஒட்டும். படகில், ஈரக் கையோடு, காற்றில், உப்புக் காய்ந்து மூடியே திறக்காத ட்யூபோடு முயன்று பாருங்கள், லூரைத் தவிர மற்றதெல்லாம் ஒட்டும். முந்தின இரவே ஒட்டி வைத்துக்கொண்டால் போச்சு என்பார்கள். வைத்துக்கொள்ளலாம்தான். ஆனால் தண்ணீர் எதிர்பார்த்ததைவிட வற்றியிருந்து 1/4-லிருந்து 1/8-க்கு மாற வேண்டுமென்றால் ஒட்டியதைப் பிய்க்க வேண்டும், அப்போது கிழியாது என்று பேர் வாங்கிய அந்தப் பிளாஸ்டிக் மூக்கிலிருந்து கிழியும்.

போதாததற்கு, சாதாரண சாஃப்ட் பிளாஸ்டிக்கோடு இதை ஒரே பெட்டியில் போட்டால் இரண்டும் உருகிக் கூழாகிவிடும். வெயிலில் நிற்கும் டிரக்கில் கேட்கவே வேண்டாம். வந்த உறையிலேயே, வால் மடங்காமல், தனியாக வைக்க வேண்டும். மடங்கிய வால் அப்படியே வளைந்து நின்றுவிடும். மீன் பிடிக்கிற சாமானுக்கு இவ்வளவு மடி ஆசாரமா!

கழுத்தில் ஈய முள்ளுக்குப் பதில் கம்பி முள் வைத்த ஜிக் ஹெட்டில் ஓரளவு பிடித்து நிற்கிறது, அதையும் சொல்லாமல் விடக்கூடாது. ஆனால் நான் வாங்கிய கம்பி முள் ரகத்தில் கொக்கி சரியில்லை, ஒரு தடவை உப்புத் தண்ணீர் பட்டதுமே துரு. நல்ல கழுத்தும் நல்ல கொக்கியும் ஒரே ஈயத்தில் வைத்துத் தர யாருக்கு என்ன கஷ்டமோ.

ஆகவே நண்பரே, போட்டிக்கு வாங்காதீர்கள். மணி ஓடிக்கொண்டிருக்கும்போது ஐந்து நொடியில் ஏறுகிற சாதாரண பிளாஸ்டிக் இரண்டு பாக்கெட் எடுத்துப் போங்கள், பின்ஃபிஷ் வாலைத் தின்றால் தூக்கிப் போட்டுவிட்டு அடுத்ததை ஏற்றுங்கள். டிபிஇ விலை குறைந்திருக்கிறதே என்று கேட்பீர்கள். தெரியும், நேற்றுதான் பச்சை வாலில் நான்கு பாக்கெட் ஆர்டர் சொல்லியிருக்கிறேன்.