இரண்டு தேய்ந்த முழங்கால், ஒரு விஆர் ஹெட்செட்: பதினான்கு மாத அனுபவம்

எனக்கு வயது 68. முப்பது வருஷத்துக்கு மேல் கரும்பலகை முன்னால் நின்று பாடம் நடத்தியவன். இரண்டு முழங்காலிலும் தேய்மானம். போதாததற்கு இடுப்பு வலி. லீவு முடிந்து கிளம்பிய மகன், "வலிக்கு நல்லதுன்னு படிச்சேன்ப்பா" என்று தன் விஆர் ஹெட்செட்டை, அதாவது கண்ணை மறைத்து மாட்டினால் சுற்றிலும் வேறோர் உலகத்தைக் காட்டும் கருவியை, விட்டுவிட்டுப் போனான். மூன்று வாரம் அலமாரியில் கிடந்தது. அப்புறம் எடுத்து மாட்டியவன், பதினான்கு மாதமாக விடவில்லை. வாரத்தில் நாலைந்து நாள், காலையில் இருபது நிமிஷம்.

வலி போச்சா என்றால், போகவில்லை. பத்துக்கு எத்தனை என்று தினமும் நோட்டில் எழுதுகிறேன். ஆரம்பத்தில் ஏழு, இப்போது பெரும்பாலும் ஐந்து. கல்யாண வீட்டில் நின்றுவிட்டு வந்தால் பழைய ஏழுதான். மாடிப்படி ஏறுவது லேசாகிவிட்டது, இறங்குவது இன்னும் கைப்பிடியைப் பிடித்துத்தான்.

மாறியது வேறொன்று. பிசியோ சொல்லிக்கொடுத்த பயிற்சியை வெறும் சுவரைப் பார்த்துச் செய்யும்போது மனசு முழுக்க முழங்காலிலேயே இருக்கும். நாற்காலியிலிருந்து எழுவதற்கு முன்பே, இதோ வலிக்கப்போகிறது என்று உடம்பு விறைத்துக்கொள்ளும். பத்து தடவை எழச் சொன்னால் ஆறோடு நிறுத்திவிடுவேன். ஹெட்செட்டுக்குள் எனக்கு வேலை, மரத்தில் தொங்கும் பழத்தைப் பறித்துக் கூடையில் போடுவது. உட்கார்ந்தபடி எட்டாது, ஒவ்வொரு பழத்துக்கும் எழுந்தாக வேண்டும். ஒருநாள் கூடையை எண்ணினால் பதினெட்டு! பதினெட்டு முறை எழுந்து உட்கார்ந்திருக்கிறேன். கால் ஞாபகமே வரவில்லை.

இதில் மாயம் ஒன்றுமில்லை. வலிச் செய்தி மூளைக்குப் போகும் வழியில் தண்டுவடத்திலேயே கூடவோ குறையவோ செய்யலாம் என்று மெல்சாக், வால் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் 1965-லேயே எழுதினார்கள். சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தார், தீக்காயக்காரர்களின் புண்ணைச் சுத்தம் செய்யும்போது பனிப்பந்து எறியும் விஆர் விளையாட்டைக் காட்டி வலியைக் குறைத்தார்கள். 2021 நவம்பரில் அமெரிக்காவில் மருந்துக்கும் மருத்துவக் கருவிக்கும் அனுமதி தரும் அரசு அமைப்பான எஃப்டிஏ, நாள்பட்ட இடுப்பு வலிக்கான ஒரு விஆர் சிகிச்சைக்கு அனுமதியே கொடுத்தது: எட்டு வாரம், 56 அமர்வு. ஆனால் அது மூச்சு, தளர்வு, கவனம் சார்ந்தது. என் பழம் பறிக்கும் விளையாட்டை அதோடு சேர்த்துவிடாதீர்கள்.

வலி மறந்துபோவதில்தான் ஆபத்தும் இருக்கிறது. மூன்றாவது மாதம் உற்சாகத்தில் நாற்பது நிமிஷம் ஆடிவிட்டேன். அப்போது ஒன்றும் தெரியவில்லை. மறுநாள் காலை வலது முழங்கால் பன் மாதிரி வீங்கி நின்றது. "ஐயா, மனசு மறந்தாலும் மூட்டு மறக்காது" என்று பிசியோ பெண் நன்றாகத் திட்டினாள். ஐந்து நாள் ஐஸ் ஒத்தடம். அன்றிலிருந்து இருபது நிமிஷம் ஆனதும் மனைவி வந்து தோளில் தட்டிவிடுவாள். அலாரம் வைத்தால் விளையாட்டுச் சத்தத்தில் காதில் விழாது.

கருவி அரைக் கிலோ எடை, அத்தனையும் முகத்தில். இரண்டாவது வாரமே கழுத்து பிடித்துக்கொண்டது. அரிசியைத் துணிப்பையில் போட்டுத் தைத்துப் பின்பட்டையில் கட்டினேன், முன்பாரம் சமமானது. நெற்றித் திருநீறும் தேங்காயெண்ணெயும் பஞ்சில் ஒட்டி, லென்ஸ் வரை மங்கிவிடும். முகம் கழுவிவிட்டுத்தான் மாட்ட வேண்டும். மே மாதம் வியர்வையில் லென்ஸ் மூடிக்கொள்ளும், விடிகாலையைத் தவிர வழியில்லை.

காட்சிக்குள் நடந்து போகிற விளையாட்டுகள் எனக்கு ஆகவில்லை. கண் நடக்கிறோம் என்கிறது, காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு நிற்கிறோம் என்கிறது. ஐந்து நிமிஷத்தில் குமட்டல். நின்ற இடத்திலோ உட்கார்ந்தோ ஆடுவதே போதும். காலடியில் ஒரு கயிற்று மிதியடி போட்டிருக்கிறேன். பாதத்தில் சொரசொரப்பு தெரியும்வரை நடுவில் நிற்கிறேன் என்று அர்த்தம். முதுகுக்குப் பின்னால் கை வைத்த மரநாற்காலி, சுவரை ஒட்டி. பிளாஸ்டிக் நாற்காலி வழுக்கிக்கொண்டு போகும், ஒருமுறை மயிரிழையில் தப்பினேன். கழற்றியதும் எழுந்துவிடாதீர்கள், இரண்டு நிமிஷம் உட்கார்ந்திருங்கள். தலைசுற்றல், வலிப்பு, அடிக்கடி விழும் தொந்தரவு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொட வேண்டாம்.

இதற்காகப் புதிதாக வாங்கலாமா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். அந்தக் காசுக்கு முதலில் நல்ல பிசியோவிடம் பத்து தடவை போய்வாருங்கள் என்பேன். எந்த அசைவு எனக்கு ஆகும், எது ஆகாது என்று அவள் சொன்ன பிறகுதான் விளையாட்டையே தேர்ந்தெடுத்தேன். வீட்டில் யாராவது வாங்கிச் சும்மா போட்டு வைத்திருந்தால், தாராளமாக எடுத்து மாட்டுங்கள். என் மனைவியும் போன மாதத்திலிருந்து மாட்டுகிறாள், ஆனால் மீன் பிடிக்க மட்டும். எழுந்து நிற்கச் சொன்னால் கேட்பதில்லை.