சிபில் ஸ்கோரை ஏற்றி வீட்டுக் கடன் வாங்கித் தருவதாகச் சொல்லி என்னிடம் 86,500 ரூபாய் பறித்துவிட்டார்கள்

நேற்று மாலை நான்கு மணிக்கு, குரோம்பேட்டையில் உள்ள ஒரு வங்கிக் கிளையில், பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பத்திரமாகக் கொண்டுபோன வீட்டுக் கடன் ஒப்புதல் கடிதத்தை எடுத்து மேசைமீது வைத்தேன். அங்கிருந்த அதிகாரி அதை இரண்டு முறை படித்தார், கணினியில் எதையோ தட்டிப் பார்த்தார், பிறகு தாழ்ந்த குரலில், "சார், இது எங்க பேங்க் குடுத்த லெட்டரே இல்ல. யார்கிட்ட வாங்கினீங்க?" என்று கேட்டார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டது மட்டும்தான் அதற்குப் பிறகு நினைவில் நிற்கிறது.

நான் இழந்தது 86,500 ரூபாய். காவல்துறையில் புகார் கொடுக்க இருப்பதால் அந்த அலுவலகத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. வடபழனிப் பக்கம், ஒரு வணிக வளாகத்தின் இரண்டாம் மாடியில், "குறைந்த சிபில் ஸ்கோர் உள்ளவர்களுக்கும் வீட்டுக் கடன்" என்று பலகை மாட்டி இயங்கும் கடன் ஆலோசனை அலுவலகம் அது. சிபில் ஸ்கோர் என்றால், வாங்கிய கடனை நாம் எப்படிக் கட்டினோம் என்பதற்குப் போடும் மதிப்பெண். இதே போன்ற பலகைகள் சென்னையில் எத்தனையோ இடங்களில் தொங்குகின்றன என்பதால்தான் ஆத்திரம் அடங்கும் முன்பே எழுத உட்கார்ந்தேன். கடன் வரலாறு சரியில்லாத ஒருவர் முதல் வீட்டுக் கடனுக்கு எப்படி முயல வேண்டும் என்பதையும் கடைசியில் விரிவாகச் சொல்கிறேன்.

என் சிபில் கெட்டதற்கு நான்தான் காரணம், அதை மறைக்கவில்லை. 2020 ஊரடங்கில் நான் வேலை பார்த்த ஹோட்டலில் ஐந்து மாதம் சம்பளம் வரவில்லை. கிரெடிட் கார்டு பாக்கி வட்டியும் அபராதமுமாக 1,18,000 ரூபாயில் வந்து நின்றது. வசூலுக்கு வந்தவர் 55,000 கட்டினால் கணக்கை முடித்துவிடலாம் என்றார், கட்டினேன். கணக்கு முடியவில்லை, முழுப் பாக்கியையும் கட்டாமல் பேசி முடித்தது என்ற பொருளில் "செட்டில்டு" என்று பதிந்துவிட்டார்கள் என்பதும், அந்த ஒரு சொல்லைப் பார்த்ததுமே வங்கிகள் முகம் திருப்பும் என்பதும் இந்த ஆண்டு பெருங்களத்தூரில் 43 லட்சத்துக்கு ஒரு பழைய ஃபிளாட்டைப் பேசி முடித்து, கடனுக்கு அலைந்தபோதுதான் தெரிந்தது. ஸ்கோர் 598. இரண்டு வங்கிகளில், திரையை என் பக்கம் திருப்பிக்கூடக் காட்டாமல், "உங்களுக்கு வராது சார்" என்று சொல்லி அனுப்பினார்கள்.

அந்த அவமானத்தோடு இருந்த நேரத்தில்தான் வைகாசி மாதத்தில் அந்த அலுவலகத்துப் படியேறினேன், அம்மாவும் உடன் வந்திருந்தார். அங்கிருந்தவருக்கு ஐம்பது வயதிருக்கும். அம்மாவுக்கு முதலில் நாற்காலி போட்டு, மோர் வாங்கி வரச் சொன்னார். பிறகு என் கடன் அறிக்கையை முழுவதும் அச்செடுத்து, கையில் பென்சிலோடு என் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்து, ஒவ்வொரு வரியாகப் படித்துக் காட்டினார். "செட்டில்டு" என்ற சொல்லைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார். 2019இலேயே கட்டி முடித்த டூவீலர் கடனில் இன்னும் 3,240 ரூபாய் பாக்கி என்று இருந்ததைக் கண்டுபிடித்து அதற்கும் ஒரு வட்டம் போட்டார். "இது அவங்க தப்பு தம்பி. உங்க மேல எந்தத் தப்பும் இல்ல. கஷ்ட காலத்துல யாருக்கும் வர்றதுதான்" என்றார். ஐந்து ஆண்டுகளில் அந்தக் கணக்கைப் பற்றி என்னைக் குற்றவாளியாகப் பார்க்காமல் பேசிய முதல் மனிதர் அவர். இறங்கி வரும்போது அம்மா, "நல்ல மனுஷனா தெரியுறாருப்பா" என்றார். எனக்கும் அப்படித்தான் இருந்தது. நான் ஏமாந்தது அந்தப் பென்சில் வட்டத்தில்தான்.

அன்றே பதிவுக் கட்டணம் என்று 10,000 ரூபாயும் ஜிஎஸ்டி 1,800 ரூபாயும் சேர்த்து 11,800 கொடுத்தேன். பத்து நாள் கழித்து "ஸ்கோர் திருத்தும் செலவு" என்று 42,700 கேட்டார்கள்; சீட்டை இரண்டு மாதம் முன்னதாகவே தள்ளி எடுத்துக் கொடுத்தேன். ஆனி மாதக் கடைசியில், கடன் ஒப்புதலாகிவிட்டது, பிராசசிங் கட்டணமும் வக்கீல் கருத்துக்கான கட்டணமும் சேர்த்து 32,000 கட்டினால் கடிதம் கைக்கு வரும் என்றார்கள். மனைவியின் இரண்டு வளையல்கள் அடகுக்குப் போயின. ஆக மொத்தம் 86,500 ரூபாய். முதல் தொகை போக மற்ற இரண்டும் நிறுவனக் கணக்குக்குப் போகவில்லை, ஒரு தனிநபரின் யுபிஐ எண்ணுக்குப் போயின. அப்போதே கேட்டேன். "கம்பெனி கணக்கு ஆடிட்டிங்கில் இருக்கு" என்றார்கள். ரசீதில் அச்சிட்டிருந்த ஜிஎஸ்டி எண்ணை நேற்று இரவுதான் எண்ணிப் பார்த்தேன். எழுத்தும் இலக்கமுமாகப் பதினைந்து இருக்க வேண்டியதில் பதினான்குதான் இருக்கிறது.

இடையில் எச்சரிக்கை வராமல் இல்லை. நம் கடன் அறிக்கையை ஏதாவதொரு நிறுவனம் எடுத்துப் பார்த்தால் நமக்குக் குறுஞ்செய்தியோ மின்னஞ்சலோ வர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதித்திருக்கிறது. அப்படி எனக்கு எட்டுச் செய்திகள் வந்தன. நான் கேள்விப்பட்டே இராத கடன் நிறுவனங்களின் பெயர்களெல்லாம் அவற்றில் இருந்தன. ஃபோன் செய்து கேட்டபோது, "வேலை நடக்குதுங்கிறதுக்கு அதுதான் அடையாளம் தம்பி" என்றார். உண்மையில், என் பான் அட்டை நகலையும் சம்பளச் சீட்டையும் வைத்துக்கொண்டு கண்ட கண்ட இடங்களிலெல்லாம் என் பெயரில் கடனுக்கு விண்ணப்பித்திருக்கிறார்கள். அப்படிக் குறுகிய காலத்தில் அடுத்தடுத்து விண்ணப்பங்கள் விழுந்தால், பணத்துக்குத் தவிப்பவன் என்று கணக்கிட்டு ஸ்கோர் இன்னும் இறங்கும்.

ஆடி பிறந்ததும் அவர்களுக்கு வசதியாகிவிட்டது. ஒப்புதல் கடிதம் எங்கே என்று கேட்டால், ஆடியில் யாராவது பத்திரப் பதிவு செய்வார்களா, ஆவணியில் முதல் முகூர்த்தத்தில் முடித்துத் தருகிறேன் என்றார். அம்மாவே, "அவர் சொல்றது சரிதானேப்பா" என்றார். எங்கள் வீட்டு நம்பிக்கையையே காலம் கடத்துவதற்குப் பயன்படுத்திக்கொண்டதை நினைத்தால் பணம் போனதைவிட அதிகமாக வயிறு எரிகிறது. ஆவணி பிறந்தபின் ஃபைல் கிரெடிட் டீமில் இருக்கிறது, மேனேஜர் விடுப்பில் போயிருக்கிறார், சர்வர் வேலை செய்யவில்லை என்று வாரத்துக்கு ஒரு காரணம். ஒருவழியாகப் போன வாரம் அந்தக் கடிதத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினார்கள்.

அந்தக் கடிதத்தை ஒழுங்காகப் படித்திருந்தாலே எனக்குப் புரிந்திருக்கும். கடன் தொகை எண்ணில் 38,70,000 என்றும், எழுத்தில் முப்பத்தேழு லட்சத்து எண்பதாயிரம் என்றும் இருந்தது. அதைவிடப் பெரிய பொய், 43 லட்சம் வீட்டுக்கு 90 சதவீதம் கடன் என்பதே. ரிசர்வ் வங்கி விதிப்படி 30 லட்சம் வரையிலான வீட்டுக் கடனுக்குத்தான் வீட்டு மதிப்பில் 90 சதவீதம் வரை கொடுக்கலாம். 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரை 80 சதவீதம்தான் உச்சம். ஸ்கோர் எண்ணூறைத் தாண்டியவருக்கே கிடைக்காத ஒன்றை எனக்குத் தருவதாகச் சொன்னபோது நான் சந்தோஷப்பட்டேன்.

இன்று காலை நேராக அந்த அலுவலகத்துக்குப் போனேன். பென்சில்காரர் இல்லை. வரவேற்பில் இருந்த பெண், "சார் வெளியூர் போயிருக்கார், உங்க நம்பர் குடுத்துட்டுப் போங்க" என்றார்; மூன்று மாதமாக அந்தப் பெண்ணே என் எண்ணுக்கு அழைத்துப் பேசியிருக்கிறார். உள்ளேயிருந்து வந்த ஓர் இளைஞர், நாங்கள் ஆலோசனை மட்டும்தான் தருகிறோம், கடனுக்கு உத்தரவாதம் கொடுக்கவில்லை, நீங்கள் கையெழுத்துப் போட்ட படிவத்திலேயே கட்டணம் திரும்பத் தரப்படாது என்று இருக்கிறது பாருங்கள் என்றார். பார்த்தேன், இருக்கிறது, எறும்பு எழுத்தில். 86,500 ரூபாய் என்று நான் உரக்கச் சொன்னபோது, காத்திருந்த ஒரு கணவன் மனைவி நிமிர்ந்து பார்த்தார்கள். உடனே என்னைக் கையைப் பிடித்து வெளியே கூட்டி வந்து, "மண்டே கண்டிப்பா பேசிக்கலாம்ணே" என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டார். அந்தத் தம்பதியின் கையிலும் ஒரு பிளாஸ்டிக் உறை இருந்தது.

நேற்று இரவு என் அறிக்கையை நானே இறக்கிப் பார்த்தேன். ஸ்கோர் இப்போது 561. "திருத்தம்" என்று அவர்கள் செய்தது என்ன தெரியுமா? கிரெடிட் கார்டு கணக்கு என்னுடையதே இல்லை என்று என் பெயரில் பொய்யாக ஆட்சேபம் பதிந்திருக்கிறார்கள். விவரம் சரியே என்று வங்கி பதில் சொல்லிவிட்டதால் "செட்டில்டு" அப்படியே நிற்கிறது. உண்மையிலேயே தவறாக இருந்த டூவீலர் கடனை, அவரே வட்டம் போட்ட அந்த 3,240 ரூபாயை, ஒருவரும் தொடவில்லை. அதைத் திருத்தக் கட்டணமே கிடையாது. நாமே ஆட்சேபம் பதியலாம், 30 நாளில் தீர்க்க வேண்டும், தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் நமக்கு இழப்பீடு தர வேண்டும் என்று விதி இருக்கிறது. எனக்குக் காசு தர வேண்டிய விஷயத்துக்கு நான் காசு கொடுத்திருக்கிறேன். உண்மையாகப் பதிவான பாக்கியையோ யாராலும் காசு வாங்கி அழிக்க முடியாது.

ரிசர்வ் வங்கி ஓம்புட்ஸ்மேனிடம், அதாவது குறைதீர்ப்பாளரிடம், போகலாமா என்று ரிசர்வ் வங்கியின் உதவி எண்ணான 14448இல் கேட்டேன். வங்கிகள், நிதி நிறுவனங்கள், கடன் தகவல் நிறுவனங்கள் மீதுதான் அங்கே புகார் செய்ய முடியுமாம். இந்த அலுவலகம் எதிலுமே சேராது. சைபர் குற்ற உதவி எண்ணான 1930இல் பணப் பரிமாற்ற விவரங்களைப் பதிந்திருக்கிறேன். ஆனால் பணம் போன சில மணி நேரத்துக்குள் அழைத்திருந்தால்தான் கணக்கை முடக்க வாய்ப்பு அதிகம். நான் மாதக்கணக்கில் முகூர்த்தத்துக்குக் காத்திருந்தேன்.

விரிவாக எழுதுவதாகச் சொல்லியிருந்தேன், இப்போது முடியவில்லை, மனைவியும் இன்னும் சாப்பிடாமல் உட்கார்ந்திருக்கிறாள். அவசரமாகச் சொல்கிறேன். சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், சிஆர்ஐஎஃப் ஹை மார்க் என்ற நான்கு கடன் தகவல் நிறுவனங்களிலும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கை இலவசம், அதை நீங்களே எடுங்கள். "செட்டில்டு" என்று இருந்தால் அந்த வங்கிக்கே போய் மீதியைக் கட்டி, பாக்கி இல்லைச் சான்றிதழ் வாங்கி, "குளோஸ்டு" என்று மாற்றிப் பதியச் சொல்லி எழுதிக் கொடுங்கள். பிராசசிங் கட்டணத்தை வங்கியின் கணக்கில் மட்டும் கட்டுங்கள். ஒப்புதல் கடிதம் வந்த அன்றே கிளைக்குக் கொண்டுபோய்க் காட்டுங்கள். பான், ஆதார் நகல்களின் குறுக்கே யாருக்கு, எதற்கு, எந்தத் தேதியில் என்பதை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். ஓடிபி எவருக்கும் சொல்லாதீர்கள், நான் சொன்னேன்.

ஃபிளாட்டுக்குக் கொடுத்த ஒரு லட்சம் முன்பணத்துக்கு வரும் வெள்ளிக்கிழமை வரை பொறுப்பதாக வீட்டுக்காரர் சொல்லியிருக்கிறார். நாளை காலை ரசீதுகளையும் கடிதத்தையும் எட்டுக் குறுஞ்செய்திகளையும் அச்செடுத்துக்கொண்டு காவல் நிலையத்துக்குப் போகிறேன். வடபழனியில் இரண்டாம் மாடி, பதினான்கு இலக்க ஜிஎஸ்டி எண், தனிநபர் யுபிஐ என்று உங்களிடமும் ஒரு ரசீது இருந்தால் தயவுசெய்து நீங்களும் புகார் எழுதிக் கொடுங்கள். இன்று காலை அங்கே உட்கார்ந்திருந்த அந்தத் தம்பதி இதைப் படித்தால், அடுத்த தவணையைக் கட்டாதீர்கள்.