மூன்று கிராப் நோட்டுகள்: அலைச்சார்பைக் கையால் வரைந்த நான்கு வருட அனுபவம்

பி.எஸ்சி. கடைசி ஆண்டில் குவாண்டம் பாடம் தொடங்கியபோது, எலக்ட்ரான் போன்ற நுண்துகளை விவரிக்கும் அலையான அலைச்சார்பை வரைய ஒரு கிராப் நோட்டு வாங்கினேன். நான்கு வருடம் ஆகிறது. இப்போது காட்பாடியில் மாலை நேரத்தில் சில மாணவர்களுக்குச் சொல்லித் தருகிறேன். ஓடுவது மூன்றாவது நோட்டு. இந்த அலைகளைக் கணினியில் வரைந்து காட்டும் ஃபெட் (PhET) சிமுலேஷனும் உண்டு. ஆனால் முதலில் பென்சில், அப்புறம்தான் திரை. திரையில் வளைவு உடனே சரியாக வந்துவிடும். நமக்கு எது புரியவில்லை என்பது தெரியாமலே போய்விடும்.

முடிவிலாக் கிணறு, அதாவது எலக்ட்ரான் வெளியேறவே முடியாத சுவர்களுள்ள பெட்டி, எளிது. 1 நானோமீட்டர் அகலத்துக்குள் அடைபட்ட எலக்ட்ரானின் முதல் ஆற்றல் மட்டம் சுமார் 0.38 எலக்ட்ரான் வோல்ட்; அடுத்தது நான்கு மடங்கு, அதற்கடுத்தது ஒன்பது மடங்கு. மட்டம் ஏற ஏற, அலை பூஜ்யமாகும் புள்ளியான கணு ஒவ்வொன்றாகக் கூடும். அரை மணியில் கை பழகிவிடும்.

அடிப்பகுதி சாய்ந்த கிணறுதான் என்னைத் திணறடித்தது. ஆழமான பக்கத்தில் இயக்க ஆற்றல் அதிகம், அதனால் அலைநீளம் குறைவு. இது சட்டென்று பிடிபட்டது. வீச்சும், அதாவது அலையின் உயரமும், அங்கேதான் குறைவு என்பதை மனம் ஏற்கவில்லை. பக்கம் பக்கமாக வரைந்து அழித்தேன். காட்பாடியிலிருந்து வேலூர் போகும் பஸ்ஸை நினைத்தபோதுதான் தெளிந்தது. பாலாற்றுப் பாலத்தில் ஓட்டமாகப் போகிற பஸ், கிரீன் சர்க்கிள் நெரிசலில் ஊர்கிறது. ஏதோ ஒரு நேரத்தில் தேடினால் நெரிசலில் அகப்படத்தான் வாய்ப்பு அதிகம். அலையின் வீச்சு பெரிதாக உள்ள இடத்தில்தான் துகள் அகப்பட வாய்ப்பு அதிகம் என்று இயற்பியலாளர் மாக்ஸ் பார்ன் 1926-இல் சொன்ன நிகழ்தகவு விளக்கம் அன்றுதான் எனக்குள் இறங்கியது. எலக்ட்ரானுக்கு பஸ்போல ஒரு பாதை கிடையாது, உயர்ந்த மட்டங்களில்தான் இந்த ஒப்பீடு நன்றாகப் பொருந்தும். இதையும் மாணவர்களிடம் சொல்லிவிடுவேன்.

ஏறிக் கடக்க ஆற்றல் போதாத தடையையும் எலக்ட்ரான் ஊடுருவிப் போகும் சுரங்க விளைவில் வேறொரு சிக்கல். தடையைத் தாண்டியதும் எலக்ட்ரான் களைத்துவிட்டது என்று நினைத்து மாணவர்கள் அலைநீளத்தை நீட்டி வரைகிறார்கள். உண்மையில் குறைவது வீச்சு மட்டுமே. ஆற்றல் அதேதான், இருபுறமும் நிலை ஆற்றல் சமமாக இருந்தால் அலைநீளமும் அதேதான். நாம் வரையும் முறையே இந்தக் குழப்பத்தை வளர்க்கிறது என்பது என் எண்ணம். ஆற்றல் கோட்டின் மேலேயே அலையை ஏற்றிவிடுகிறோம். ஒரே செங்குத்து அச்சு இரண்டு வேலை பார்க்கிறது. அலை சிறுத்தால் ஆற்றலும் இறங்கியதுபோலத் தெரிகிறது. இரண்டு வருடமாக மேலே நிலை ஆற்றல், கீழே அலைச்சார்பு என்று தனித்தனியாகவே வரைகிறோம்.

சென்ற வாரம் ஒரு மாணவி தடைக்கு இருபுறமும் அலைநீளத்தை ஸ்கேல் வைத்து அளந்து காட்டினாள். இந்தப் பக்கம் 3 சென்டிமீட்டர், அந்தப் பக்கமும் 3.