டொமைனுக்கு வெளியே நிற்கும் கணினிகளுக்கு கேஎம்எஸ்ஸா, எம்ஏகேயா?

கிளிநொச்சியில் தலைமைப் பணிமனையும், மல்லாவியிலும் ஒட்டுசுட்டானிலும் நான்கைந்து கணினிகள் கொண்ட கிளைகளும் உள்ள ஒரு நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். விண்டோஸும் ஒபிஸும் தொகுதி உரிமத்தில் (பல கணினிகளுக்குச் சேர்த்து நிறுவனம் பெறும் உரிமம்) வாங்கப்பட்டுள்ளன. ஆனால் கிளைக் கணினிகளும் வெளிக்கள அலுவலரின் மடிகணினிகளும் டொமைனில், அதாவது நிறுவனத்தின் கணினிகளை ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் வலையமைப்பில், சேர்க்கப்படவில்லை. உரிமத்தை உறுதிசெய்து இவற்றைச் செயற்படுத்த மூன்று வழிகள் உண்டு: நிறுவனத்தின் சொந்த வழங்கி (சேவையகம்) ஒன்றே மற்றக் கணினிகளைச் செயற்படுத்தும் கேஎம்எஸ்; பல கணினிகளுக்குப் பொதுவான ஒரு திறவுகோலைக் கொண்டு ஒவ்வொரு கணினியையும் மைக்ரோசொப்டிடமே செயற்படுத்தும் எம்ஏகே; டொமைனை நிர்வகிக்கும் அக்டிவ் டைரக்டரி வழியான செயற்படுத்தல். அவற்றுள் இறுதியானது டொமைனில் இணைந்த கணினிகளுக்கே உரியது என்பதால், அதனை இங்கேயே விட்டுவிடலாம்.

கேஎம்எஸ் முறைக்கும் டொமைன் வேண்டும் என்று பலர் நம்புகின்றனர், அது சரியன்று. கணினி தன் கேஎம்எஸ் வழங்கியை டிஎன்எஸ் (பெயர்களுக்கு உரிய வலையமைப்பு முகவரிகளைத் தரும் சேவை) பதிவொன்றின் மூலம் தேடுகிறது. டொமைனுக்கு வெளியே அந்தப் பதிவு பெரும்பாலும் அகப்படாது என்பதால், விண்டோஸின் உரிமத்தைக் கையாளும் எஸ்எல்எம்ஜிஆர் கட்டளையில் எஸ்கேஎம்எஸ் தெரிவைக் கொடுத்து வழங்கியின் முகவரியை நாமே எழுதிவிட வேண்டும். கேஎம்எஸ் பயன்படுத்தும் டிசிபி 1688 என்ற வலையமைப்பு வாயிலும் திறந்திருக்க வேண்டும். அந்த வாயிலைப் பொது இணையத்துக்குத் திறந்து வைப்பதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். கிளைகள் விபிஎன் (இணையத்தின் ஊடான பாதுகாப்பான தனிவழி) வழியாகவே வரட்டும்.

உண்மையான தடைகள் வேறு. விண்டோஸ் கணினிகள் 25 வந்து சேரும்வரை வழங்கி அவற்றுள் எதனையும் செயற்படுத்தாது; ஒபிஸுக்கு 5 போதும். எல்லாக் கிளைகளும் ஒரே வழங்கியை அணுகினால் எண்ணிக்கை கூடிவரும். ஆனால் ஒரே வன்தட்டுப் படியை, கணினியின் தனி அடையாளங்களை நீக்கும் சிஸ்பிரெப் கருவியை இயக்காமல், எல்லாவற்றிலும் இறக்கியிருந்தால், முப்பது கணினிகளும் ஒன்றாகவே எண்ணப்படக்கூடும். மேலும், செயற்படுத்தல் 180 நாட்களுக்கே செல்லும். கணினி 7 நாட்களுக்கு ஒருமுறை புதுப்பிக்க முயலும் என்றாலும், ஆறு மாதம் பணிமனைப் பக்கமே வராத மடிகணினிக்கு அதனால் பயனில்லை. தாய்ப்பலகையின் மின்கலம் தீர்ந்துபோய், ஒவ்வொரு மின்தடைக்குப் பின்னும் பழைய திகதியைக் காட்டும் கணினிகளையும் கவனிக்க வேண்டும்: வழங்கியின் நேரத்திலிருந்து 4 மணித்தியாலத்துக்கு மேல் விலகியிருந்தால் கோரிக்கை மறுக்கப்படும்.

எம்ஏகே முறையில் கணினி ஒருமுறை மைக்ரோசொப்டுடன் தொடர்புகொண்டால் போதும். அதன்பின் புதுப்பித்தல் இல்லை. கைத்தொலைபேசியின் இணையத்தைச் சில நிமிடம் பகிர்ந்தே முடித்துவிடலாம். எனவே ஒட்டுசுட்டான் கிளைக்கும் வெளிக்கள மடிகணினிகளுக்கும் எம்ஏகே, நிலையான இணைப்புடன் முப்பதுக்கு மேல் கணினிகள் உள்ள இடத்துக்குக் கேஎம்எஸ் என்பதே என் தெரிவு. ஒரே நிறுவனத்தில் இரண்டையும் வைத்திருப்பதில் தவறேதுமில்லை. எவரோ பென்டிரைவில் கொண்டுவந்து தரும் செயற்படுத்தும் மென்பொருளை மட்டும் தொடவேண்டாம். உரிமத்துக்குப் பணம் செலுத்திய பின்னும், அத்தகைய மென்பொருள் காட்டும் அறியாத வழங்கி ஒன்றை நம்புவது பயனாளர்களின் விபரங்களைப் பணயம் வைப்பதாகும்.

எம்ஏகேயின் குறை, அந்தத் திறவுகோலில் செயற்படுத்தல்களின் தொகை வரையறுக்கப்பட்டிருப்பதும், கணினியை அழித்து மீள நிறுவும்போது அது மேலும் குறைவதுமே. இதற்கு, தொகுதி உரிமச் செயற்படுத்தலை நிர்வகிக்கும் மைக்ரோசொப்டின் விஏஎம்டி கருவி கைகொடுக்கிறது. இணையமே இல்லாத கணினிகளின் நிறுவல் இலக்கங்களை அது திரட்டிக் கோப்பாக்கும்; இணையம் உள்ள இடத்தில் அக்கோப்பைக் கொண்டு மைக்ரோசொப்டிடமிருந்து உறுதிப்படுத்தல் இலக்கங்களைப் பெற்று, திரும்பக் கொண்டுவந்து இடலாம். அதே வன்பொருளில் விண்டோஸை மீள நிறுவினால், சேமித்துவைத்த உறுதிப்படுத்தல் இலக்கத்தையே மறுபடி பயன்படுத்தலாம், தொகை குறையாது. ஆகையால், கிளையொன்றில் கணினியை அழிப்பதற்கு முன், அதன் பதிவு விஏஎம்டியில் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.